குழாயின் மேல் ஊதாக் கோடு

காற்றின் குறுக்கே ஓர் உருளையை நிறுத்தினால் முன்பக்கத்தில் எந்தத் தகராறும் இல்லை. காற்று வந்து மோதி, இரண்டாகப் பிரிந்து, வளைவைப் பிடித்துக்கொண்டு ஒழுங்காகத்தான் நகர்கிறது. முன்முனையிலிருந்து ஏறத்தாழ 80 பாகை சென்றதும் பிடி விட்டுப்போகிறது. பரப்பையொட்டிய மெல்லிய அடுக்கு உராய்வில் ஏற்கெனவே வேகம் இழந்திருக்கிறது. பின்பக்கம் போகப் போக அழுத்தம் கூடுகிறது. அதை எதிர்த்து முன்னேறத் தெம்பில்லாமல் அந்த அடுக்கு பரப்பை விட்டு விலகிவிடுகிறது. அதன்பின் மேலே ஒன்று, கீழே ஒன்று என மாறி மாறிச் சுழல்கள் உதிர்கின்றன. கார்மன் சுழல் வரிசை என்று பாடப்புத்தகங்கள் சொல்வது இதைத்தான். ஆலைப் புகைபோக்கிகளின் உச்சியில் திருகாணி மரைபோலத் தகடு சுற்றியிருப்பதும், விமானம் இறங்கும்போது சக்கரக் கால்கள் இரைச்சலிடுவதும் இந்தச் சுழல்களால்தான்.

கூர்வாலுடன் வடிவமைக்க முடியாத இத்தகைய மொண்ணை உடல்களில், பிரியும் காற்றைப் பரப்போடு இன்னும் சிறிது தூரம் ஒட்டவைக்க முடியுமா என்பது பழைய கேள்வி. காற்றை உறிஞ்சலாம், ஊதலாம், பரப்பைச் சொரசொரப்பாக்கலாம். எனக்குப் பிடித்தது நான்காவது வழி: இரண்டு செப்புப் பட்டைகளும் நடுவே ஒரு மின்காப்புப் படலமும். அசையும் உறுப்பு ஒன்றுகூட இல்லை. துளையும் இல்லை, குழலும் இல்லை.

அமைப்பு எளிது. மேல் பட்டை காற்றில் திறந்திருக்கும். அடிப்பட்டை காப்புப் படலத்துக்குக் கீழே, மேல் பட்டையின் விளிம்பு முடியும் இடத்தில் தொடங்கி ஒரு பக்கமாக விரியும். இரண்டுக்கும் இடையே பல கிலோவோல்ட் மாறுமின்னழுத்தத்தைச் சில ஆயிரம் ஹெர்ட்ஸில் கொடுத்தால், மேல் பட்டையின் விளிம்பிலிருந்து அடிப்பட்டையின் பக்கமாக ஊதா ஒளி படரும்; அயனியாகி ஒளிரும் அந்தக் காற்றுதான் பிளாஸ்மா. நடுவே காப்பு இருப்பதால் அது தீப்பொறியாக மாறுவதில்லை. படலத்தின் மேல் மின்னூட்டம் சேர்ந்ததும் ஒவ்வொரு மின்னிறக்கமும் தானாக அடங்கிவிடும். அயனிகள் மின்புலத்தில் விரையும்போது நடுநிலை மூலக்கூறுகளை இடித்துத் தள்ளுகின்றன. பரப்பை உரசியபடி ஒரு மெல்லிய தாரை கிளம்புகிறது. சூடேறிய காற்றின் நகர்வு என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, பெரும்பங்கு அயனிகளின் தள்ளுவிசை. ஓசோன் தயாரிப்பதற்காக 1857இல் வெர்னர் சீமென்ஸ் அமைத்த குழாயும் இதே குடும்பம்தான். அதைக் காற்றோட்டத்தின் பக்கம் திருப்பியதில் 1990களில் டென்னசி பல்கலைக்கழகத்தின் ரீஸ் ராத்துக்கும், பின்னர் நோட்ரடேம் பல்கலைக்கழகத்தின் தாமஸ் கார்க்கின் குழுவுக்கும் பெரிய பங்கு உண்டு.

இதை நானே செய்து பார்க்க முதலில் வேண்டியிருந்தது காற்றுச் சுரங்கம். 30 சென்டிமீட்டர் சதுர வாய், பக்கங்கள் ஒட்டுப்பலகை, பார்வைப் பக்கம் மட்டும் அக்ரிலிக். மின்விசிறி பின்முனையில் இருந்து இழுக்கிறது. முன்னால் வைத்து ஊதினால் அதன் இறக்கைகள் கிளப்பும் சுழற்சி அப்படியே சோதனை அறைக்குள் வந்துவிடும். நுழைவாயிலில் குளிர்பான உறிஞ்சுகுழல்களை அடுக்கித் தேனடைபோல ஒரு சட்டம், அதன் பின் கொசுவலை இரண்டு அடுக்கு. சோதனைப் பொருள் வெளிவிட்டம் 50 மில்லிமீட்டர் உள்ள பிவிசி குழாய். வேகம் விநாடிக்கு 3 மீட்டர். இந்தக் கணக்கில் ரெனால்ட்ஸ் எண், அதாவது காற்றின் உந்தம் அதன் பாகுத்தன்மையை எத்தனை மடங்கு மிஞ்சுகிறது என்பதன் அளவு, 10,000ஐ ஒட்டி வருகிறது. ஸ்ட்ரூஹல் எண் (அதிர்வெண்ணை விட்டத்தால் பெருக்கி வேகத்தால் வகுத்தது) 0.2 என்று கொண்டால் சுழல்கள் விநாடிக்கு 12 முறை உதிர வேண்டும். என் சுரங்கத்தில் 13க்கும் 14க்கும் இடையே வந்தது. சுரங்கத்தின் உயரத்தில் ஆறில் ஒரு பங்கைக் குழாயே அடைத்துக்கொள்வதால், இரு பக்கமும் நெருக்கப்பட்ட காற்று வேகமெடுக்கிறது; வித்தியாசம் அதனால்தான். விநாடிக்கு 240 சட்டக மெதுவோட்டத்தில் கைப்பேசி எடுக்கும் படத்தில் ஒரு சுழற்சிக்குப் பதினேழு, பதினெட்டுச் சட்டகங்கள் கிடைக்கும். எண்ணுவதற்கு அது போதும்.

கண்ணுக்குத் தெரியப் புகைக்கம்பி. 0.1 மில்லிமீட்டர் நிக்ரோம் கம்பியைச் செங்குத்தாக இழுத்துக் கட்டி, மருந்துக்கடையில் கிடைக்கும் திரவ பாரஃபினை அதன்மேல் தடவினால் எண்ணெய் சிறுசிறு மணிகளாகத் திரண்டு நிற்கும். ஒரு நொடி மின்சாரம் கொடுத்ததும் ஒவ்வொரு மணியிலிருந்தும் ஓர் இழை புகை கிளம்பும். கம்பியும் ஓர் உருளைதான் என்பதை மறக்கக் கூடாது. அதன் ரெனால்ட்ஸ் எண் 40ஐத் தாண்டினால் கம்பியே சுழல் உதிர்க்கத் தொடங்கி, புகைக்கோடுகள் கலைந்துவிடும். விநாடிக்கு 3 மீட்டரில் அது 20. 6 மீட்டரில் எல்லையைத் தொட்டுவிடும். ஆகவே இந்தப் பதிவில் உள்ள படச் சோதனைகள் எல்லாம் அந்த வரம்புக்குள் நடந்தவை.

உயர் மின்னழுத்தம்தான் இதில் முரட்டு வேலை. பழைய தொலைக்காட்சியின் ஃப்ளைபேக் மின்மாற்றியைக் கழற்றிப் போட்டுவிடலாம் என்று பலரும் தொடங்குகிறார்கள். பிற்காலத்து ஃப்ளைபேக்குகளில் டையோடு உள்ளேயே புதைந்திருக்கிறது. அது தரும் மின்சாரம் ஒரே திசையில் ஓடுவது. காப்புப் படலம் ஒருமுறை மின்னூட்டம் ஏற்றிக்கொண்டதும் பிளாஸ்மா செத்துவிடும். நமக்கு இரு திசையும் வேண்டும். நான் சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய ஃபெரைட் உள்ளகத்தில் துணைச் சுருளைத் தனித்தனிப் பள்ளங்களாகப் பிரித்துச் சுற்றி, மின்மாற்றி எண்ணெயில் மூழ்கவைத்தேன். ஒரே நீளமாகச் சுற்றினால் அடுத்தடுத்த அடுக்குகளுக்கு இடையே பொறி பாயும். 24 வோல்ட் மின்வழங்கி, அலையை உருவாக்க டிஎல்494 சில்லு, மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்சாக இரண்டு மாஸ்ஃபெட். அதிர்வெண் 8 கிலோஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரம். மின்மாற்றியின் கசிவுத் தூண்டலும் பட்டைகளின் மின்தேக்கமும் சேர்ந்து ஒத்திசையும் இடத்தைத் தேடி அதிர்வெண்ணைத் திருக வேண்டும். பிளாஸ்மா படர்ந்ததும் மின்தேக்கம் கூடிவிடுகிறது, ஒத்திசைவு சற்றுக் கீழே நழுவுகிறது. ஒளி தெரிந்த பிறகு குமிழை இன்னொரு முறை திருகியே ஆக வேண்டும்.

இந்த மின்னழுத்தத்தில் விளையாட்டு கிடையாது. மைக்ரோவேவ் அடுப்பின் மின்மாற்றியை இதற்கு எடுப்பவர்களிடம் நான் பேசவே விரும்புவதில்லை. அதன் மின்னோட்டம் ஆளைக் கொல்லும் அளவு. என் மேசையில் இயங்கும்போது ஒரு கை முதுகுக்குப் பின்னால். நிறுத்திய பின் நிலத்தோடு இணைத்த கம்பிக் கோலால் இரு பட்டைகளையும் தொட்டுவிட்டுத்தான் விரல் அருகே போகும். அடுத்தது ஓசோன். வேலையிடத்துக்கு வகுத்த வரம்பு பத்து லட்சத்தில் 0.1 பங்கு. அதைவிடக் குறைவாக இருக்கும்போதே மூக்குக்குத் தெரிந்துவிடும் என்றாலும், சிறிது நேரத்தில் மூக்கு பழகிக்கொள்ளும். ஆகவே மூக்கை நம்பாமல் சுரங்கத்தின் விசிறி வெளியேற்றும் காற்றைச் சன்னலுக்கு வெளியே குழாய் வைத்து விட்டேன். மின்கம்பியைக் கட்டியிருந்த ரப்பர் வளையம் இழுபட்ட இடத்தில் குறுக்கே வெடித்து வெடித்துக் கிடந்தது. நுரையீரலும் அதே காற்றைத்தான் இழுக்கும்.

இனிப் பட்டை ஒட்டும் வேலை. முழு முயற்சியும் இதில்தான் நிற்கிறது என்பேன். மின்னழுத்தத்தைக் கூட்டுவதில் காட்டும் ஆர்வத்தில் பாதியை விளிம்பில் காட்டினால் போதும்.

குழாயின்மேல் முதலில் அடிப்பட்டை: 15 மில்லிமீட்டர் அகலச் செப்பு டேப். அதன்மேல் பழுப்பு மஞ்சள் நிறப் பாலிஇமைடு டேப் ஐந்து அடுக்கு. காப்டான் என்றால் கடைக்காரருக்கு உடனே விளங்கும். படலமும் பசையும் சேர்ந்து மொத்தம் 0.3 மில்லிமீட்டர் கனம் வரும். அதன்மேல் 5 மில்லிமீட்டர் அகல மேல் பட்டை. கேட்க எளிது. ஆனால் அடிப்பட்டையின் ஓரத்தில் செப்பின் கனத்தளவுக்கு ஒரு படி இருக்கிறதல்லவா, அதன்மேல் டேப் ஒட்டும்போது படியின் அடியில் மயிரிழை அளவு காற்றுச் சந்து நீளமாக மாட்டிக்கொள்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் வெளிறிய கோடு ஒன்று தெரியும், அவ்வளவுதான். மின்னழுத்தம் ஏறியதும் முதலில் பிளாஸ்மா பிறப்பது அந்தச் சந்துக்குள். மேலே ஒளி அழகாக இருக்க, உள்ளே படலம் அரிக்கப்பட்டு, திடீரென ஒரு வெள்ளைப் பொறியோடு ஓட்டை விழும். படியின் ஓரமாக மெல்லிய எபாக்சி ஓடவிட்டு, காய்ந்ததும் நுண்தாளால் தேய்த்துச் சமன் செய்தபின் டேப் ஒட்டினால் இந்தச் சந்து இல்லை. ஒவ்வொரு அடுக்கையும் நடுவிலிருந்து ஓரம் நோக்கிப் பழைய ஏடிஎம் அட்டையால் நீவ வேண்டும்.

மேல் பட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டாதீர்கள். கண்ணாடித் தகட்டின்மேல் வைத்து, புதிய பிளேடால், இரும்பு அளவுகோலை ஒட்டி ஒரே இழுப்பு. கத்தரி வெட்டிய விளிம்பை உருப்பெருக்கியில் பார்த்தால் பிசிறு பிசிறாக இருக்கும். ஒவ்வொரு பிசிறிலும் ஒரு வெளிச்சப் புள்ளி குத்திட்டு நிற்கும். நல்ல விளிம்பில் ஊதா ஒளி விளக்கணைத்த அறையில் சீரான பட்டையாகப் படர்ந்திருக்கும். புள்ளி தெரிந்தால் அங்கே சூடு குவிகிறது, படலம் அங்கேதான் முதலில் போகும். மேல் பட்டையின் முனைகளை வட்டமாக்கி, அடிப்பட்டையை இரு புறமும் ஒரு சென்டிமீட்டர் குறைவாக நிறுத்தினால் முனைகளில் மின்சாரம் சுற்றிக்கொண்டு பாயாது. கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் இது இன்னும் முக்கியம். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, முழுவதும் ஆவியான பிறகுதான் மின்சாரம் போட வேண்டும். ஆல்கஹால் ஈரத்தோடு போட்டால் தீப்பிடிக்கும்.

குழாயில் ஏற்றும் முன், 20 சென்டிமீட்டர் நீளப் பட்டை ஒன்றைத் தட்டையான அக்ரிலிக்கில் ஒட்டி, தங்கம் நிறுப்பதுபோன்ற சிறு மின்னணுத் தராசில் செங்குத்தாக நிறுத்தினேன். தாரை மேல்நோக்கிப் பாய்ந்தால் எதிர்விசை தராசை அழுத்தும். பிளாஸ்மாவின் மின்காந்த இரைச்சலில் தராசின் எண்கள் பேயாட்டம் ஆடும். தராசை நிலத்தோடு இணைத்த தகரப் பெட்டிக்குள் வைத்து, நீண்ட அக்ரிலிக் கோல் வழியாக விசையைக் கடத்தியபின் அடங்கியது. உச்சிக்கு உச்சி 6 கிலோவோல்ட்டில் 0.04 கிராம், 8 கிலோவோல்ட்டில் 0.11 கிராம். மின்னழுத்தத்தின் 3.5 அடுக்காக விளைவு ஏறும் என்று ஆய்வுகளில் வருவதற்கு இது பொருந்துகிறது. அரை மீட்டர் நீளத்துக்குப் பட்டைகள் விழுங்கும் திறன் 9 வாட். இதை மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கி அளக்க முடியாது, மின்னோட்டம் நானோ விநாடி ஊசிகளாக வரும். தரைப்பக்கம் 47 நானோஃபாரட் மின்தேக்கி ஒன்றைத் தொடராக வைத்து, அலைகாட்டியில் மின்னூட்டத்துக்கு எதிராக மின்னழுத்தத்தை வரைந்தால் ஒரு சாய்ந்த இணைகரம் கிடைக்கும். அதன் பரப்பே ஒரு சுழற்சியின் ஆற்றல். 1943இல் மேன்லி காட்டிய முறை, இன்றும் இதைவிட நம்பகமான எளிய வழியை நான் பார்க்கவில்லை.

குழாயில் முதலில் ஒரு பக்கம் மட்டும் பட்டை வைத்ததற்குக் காரணம் உண்டு. குழாயைத் திருப்பினால் பட்டையின் கோணம் மாறும்; முனையில் ஒட்டிய பாகைமானியைப் பார்த்துக்கொண்டே மேல் பட்டையின் விளிம்பை 60இலிருந்து 120 பாகை வரை நகர்த்திப் பார்க்கலாம். 60இல் தாரை ஏற்கெனவே ஒழுங்காக ஓடும் காற்றோடு சேர்ந்துகொள்கிறது, பயன் சொற்பம். 110க்குப் பின்னால் காற்று எப்போதோ விலகிப் போய்விட்டது. தேங்கிய பகுதியில் தாரை தன் பாட்டுக்கு ஓடுகிறது. 80க்கும் 90க்கும் இடையே வந்ததும் புகைக்கோடு குழாயின் முதுகை நோக்கிச் சாய்ந்தது. குழாயின் பின்னால் கலங்கி ஓடும் காற்று, அதாவது பின்னோட்டம், முழுவதும் பட்டை இருந்த பக்கத்திலிருந்து மறுபக்கமாகத் திரும்பியது, அதாவது குழாய்க்கு ஒரு தூக்குவிசை பிறந்தது. வேகத்தை 5 மீட்டராக்கியதும் இந்தச் சாய்வு பாதிக்கும் கீழே போய்விட்டது. தாரையின் வேகம் விநாடிக்கு ஓரிரு மீட்டர்தான். எதிர்ப்படும் காற்று அதைப் பல மடங்கு மிஞ்சும்போது மல்லுக்கட்ட முடியாது. எல்லா ஒப்பீட்டுக்கும் பட்டை ஒட்டி, மின்சாரம் இல்லாத நிலையையே அடிப்படையாகக் கொண்டேன். வெறும் டேப்பின் கனமும் காற்றைச் சிறிது தடுக்கும், அதைப் பிளாஸ்மாவின் கணக்கில் எழுதக் கூடாது.

பிறகு இரு பக்கமும் 90 பாகையில். தொடர்ச்சியாக இயக்கியபோது பின்னோட்டம் ஒடுங்கியது, சுழல் உருவாகும் இடம் குழாயை விட்டுப் பின்தள்ளிப் போனது. ஆனால் சுவையானது துடிப்பாக இயக்கியபோது கிடைத்தது. டிஎல்494இன் அடக்குமுனையை (வெளியீட்டை நிறுத்தும் முனை) ஆர்டுயினோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகையால் திறந்து மூடினால், 8 கிலோஹெர்ட்ஸ் அலை சிறு சிறு பொதிகளாக வரும். ஒரு பக்கத்தை மட்டும் 13 ஹெர்ட்ஸில் துடிக்கவிட்டால் சுழல்கள் அதனோடு பூட்டிக்கொண்டு முன்னைவிட ஒழுங்காக, பெரிதாக உதிர்ந்தன: அடக்கப் போனது ஊட்டமாகிவிடுகிறது. இரு பக்கமும் 60 ஹெர்ட்ஸ், ஐந்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் மின்சாரம் என்று வைத்தபோது, விலகும் அடுக்கு சிறு சுருள்களாக உடைந்தது. அவை வெளிக்காற்றைப் பரப்பின் பக்கம் இழுத்து வந்தன. பெரிய சுழல்களின் தாளம் கலைந்தது. 60 என்பது வேகத்தை விட்டத்தால் வகுத்த எண், அதாவது ஸ்ட்ரூஹல் எண் 1. ஃபிளின்ட் தாமஸ், கோஸ்லோவ், முன்பு சொன்ன தாமஸ் கார்க் ஆகியோர் 2008இல் வெளியிட்ட ஆய்வும் துடிப்பு முறையில் இந்த எண்ணையே சிறந்ததாகக் காட்டியது. அவர்களுடையது ரெனால்ட்ஸ் எண் 33,000. அவர்கள் சோதனையில் உருளையின் அருகே சுழல் உதிர்வு எழுப்பும் ஒலி ஏறத்தாழ 13 டெசிபல் குறைந்தது.

ஒலி என்று சொன்னது வேண்டுமென்றேதான். பிளாஸ்மாவால் இழுவை குறைந்து எரிபொருள் மிச்சமாகும் என்ற பேச்சை இந்த அளவில் என்னால் ஒப்ப முடியவில்லை. கணக்கைப் பாருங்கள். விநாடிக்கு 3 மீட்டர் காற்றில், 30 சென்டிமீட்டர் நீளம், 50 மில்லிமீட்டர் விட்டம், இழுவைக் கெழு (வடிவம் காற்றை எவ்வளவு தடுக்கிறது என்பதன் எண்) 1.2. இழுவிசை 0.1 நியூட்டன். அதை வேகத்தால் பெருக்கினால் 0.3 வாட். அந்த 0.3 வாட்டில் ஒரு பகுதியைக் குறைக்க நான் 9 வாட் செலவழிக்கிறேன். துடிப்பு முறையில் அது 2 வாட்டுக்குள் இறங்குகிறது, அப்போதும் நட்டம்தான். வேகம் கூடினால் இழுவையின் திறன் வேகத்தின் மூன்றாம் அடுக்காக ஏறும், ஆனால் தாரையின் பிடி அதற்கு முன்பே தளர்ந்துவிடும். தாளத்தைக் கலைப்பது வேறு கதை. சக்கரக் காலின் இரைச்சலோ கம்பத்தின் அதிர்வோ தேவையான சில நிமிடங்களுக்கு அடங்கினால் அந்த 2 வாட் ஒரு பொருட்டே இல்லை.

பாலிஇமைடு நீண்ட நாள் உழைக்காது. மேல் பட்டையின் விளிம்பை ஒட்டி முதலில் வெள்ளைப் பொடி படியும், பிறகு பழுப்பேறும், பிறகு ஓட்டை. ஆய்வகங்கள் குவார்ட்ஸ் குழாய்க்குப் போனதன் காரணம் புரிந்தது. குவார்ட்ஸ் என் பைக்கு எட்டாது. 50 மில்லிமீட்டர் போரோசிலிகேட் கண்ணாடிக் குழாய் எட்டியது. இதில் குழாயின் சுவரே காப்பு. மேல் பட்டை வெளியே, அடிப்பட்டை உட்சுவரில், அதன்மேல் முழுக்க சிலிகோன் பூச்சு. பூசாவிட்டால் குழாயின் உள்ளேயும் பிளாஸ்மா எரிந்து திறனைத் தின்னும். சுவர் 1.8 மில்லிமீட்டர் கனம் என்பதால் 16 கிலோவோல்ட்டுக்கு மேல் தேவைப்பட்டது. துணைச் சுருளை மறுபடி சுற்றினேன். பலன், ஒளி இன்னும் மென்மையாக, வெளிச்சப் புள்ளிகள் அரிதாக இருக்கின்றன. செப்புதான் இப்போது முதலில் கருக்கிறது. அதை உரித்து வேறு ஒட்டுவது சிறு வேலை.

கடைசியாகச் சதுரக் குழாயையும் வைத்துப் பார்த்தேன். கூரிய மூலையில் காற்று பிரியும் இடம் வடிவத்தாலேயே தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது. மூலைக்கு முன்னால் வைத்தாலும் பின்னால் வைத்தாலும் புகைக்கோடு அசைந்து கொடுக்கவில்லை. முன் மூலைகள் இரண்டையும் அரம் போட்டு 8 மில்லிமீட்டர் ஆரத்துக்கு வட்டமாக்கியதும் நிலை மாறியது. வளைவு முடியும் இடத்தில் பட்டை வைத்தால் காற்று பக்கச் சுவரை விட்டு விலகும் அளவு குறைகிறது. ஸ்டாக்ஹோமில் கேடிஎச் கல்வி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் லாரியின் முன்கண்ணாடித் தூண் வளைவில் பிளாஸ்மாவைச் சோதித்ததும் இத்தகைய வளைந்த மூலைக்காகத்தான். என் மேசையில் அடுத்து நிற்பது 12 மில்லிமீட்டர் ஆர மூலை. அதற்கான அடிப்பட்டையின் எபாக்சி இன்னும் காயவில்லை.